கடைசி வாய்க் காப்பி

பிப்ரவரி 3, செவ்வாய்

திருச்சிக்காரி இன்று நான் எழுதியதை அழித்துவிட்டாள். அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். இதை அழிக்க வேண்டுமென்றால் அவள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வரட்டும்.

நடந்தது இதுதான். மகனுக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வருகிற ரெஜினா, மார்கழியில் என் போனில் பேஸ்புக் குரூப் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டாள். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் அதில் பேசிக்கொள்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்புதான். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், கையால் எழுதவும் வரும், போனில் தட்டத்தான் வராது. பதில் சொல்ல மைக் படத்தை அமுக்கிப் பேசினால் போதும், போனே எழுதிக்கொள்ளும். பாக்கியத்தாய் என்று ஊருக்குத் தெரியக்கூடாதென்று கழுகுமலையம்மா என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

காலையில் மதுரைக்காரி ஒருத்தி, மகன் மாத்திரையைத் துப்பிவிடுகிறான், என்ன செய்ய என்று கேட்டிருந்தாள். நான் சொன்னேன்: மாத்திரையை இடித்து, கருப்பட்டி தூக்கலாகப் போட்ட சுக்குமல்லிக் காப்பியில் கலந்து கொடு. என் மகளுக்கு இரண்டு வருஷமாக அப்படித்தான் கொடுக்கிறேன். அவளுக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறாள்.

நல்லதுக்குத்தானே சொன்னேன். குரூப்பை நடத்துகிற திருச்சிக்காரி அதைத் தூக்கிவிட்டு, ‘ஒருவருக்குத் தெரியாமல் அவருக்கு மருந்து கொடுக்கும் யோசனைகளுக்கு இங்கே இடமில்லை அம்மா, டாக்டரிடம் பேசுங்கள்’ என்று எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். நான் அவளுக்கு அம்மாவாம். மறக்க மாட்டேன்.

மகள் செண்பகத்திடம் போனைக் கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். அதற்கு முன்னால் குரூப்பை மூடிவிட்டேன். வெகுநேரம் வைத்திருந்துவிட்டுத் தந்தாள். இப்போது எழுத்து கடலை பருமனுக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

கடலைமிட்டாய்க் கம்பெனியில் இன்று பாகு முறுகிவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்தான். பாகு வைத்தது நானில்லை.

சாயங்காலம் காப்பி. செண்பகம் பாதி குடித்துவிட்டு, நீ ஒருநாள்கூடக் குடிப்பதில்லையே என்று கேட்டாள். எனக்குச் சர்க்கரை, கருப்பட்டி ஆகாது என்றேன். கடைசி வாய் வரைக்கும் குடித்தாள். வழக்கம்போல டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழுவினேன். அடியில் மாத்திரை மண்டி இல்லை.

பிப்ரவரி 11, புதன்

குரூப்பில் இருப்பவர்களுக்கு வேறு வேலை கிடையாது. மாத்திரையைத் திட்டுவதே வேலை.

நாகர்கோவில்காரி ஒருத்தி, கல்யாண ரவிக்கை இப்போது முழங்கைக்கு மேலே ஏறவில்லை என்கிறாள். இன்னொருத்தி ராத்திரி எச்சில் ஒழுகித் தலையணையைத் தினமும் வெயிலில் போடுகிறாளாம். ஒருத்தனுக்குக் கை நடுக்கம். டீக்கடை மாஸ்டர் சிந்திவிடுமென்று பாதி டம்ளர்தான் ஊற்றுகிறார், காசு மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே முப்பது பேர் சிரிக்கிறார்கள். ஒருவன் கேட்கிறான், வீட்டில் யாரிடமாவது இதையெல்லாம் சொன்னீர்களா என்று. சொன்னால் மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறான் என்பார்கள், அதனால் இங்கே சொல்கிறேன் என்கிறான் நடுக்கக்காரன்.

உயிர் கொடுத்த மாத்திரைக்கு இவ்வளவு குறை. மாத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இவர்களுக்கு நான் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், நடுமத்தியானம். செண்பகம் மாத்திரையெல்லாம் எனக்கு எதற்கு என்று தூக்கிப் போட்டுவிட்டு, மின்விசிறி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்று பிள்ளையையும் இழுத்துக்கொண்டு தண்டவாளத்தோரமாக நடந்தே போனாள். தாரிணிக்கு அப்போது ஐந்து வயது. காலில் செருப்பில்லை. யாரோ பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். சங்கரன்கோவிலிலிருந்து சம்பந்தி கோமதி காரில் வந்து இறங்கினாள். அரக்குச் சேலை, மாம்பழக் கரை. வெற்றிலையை வலது கடைவாயில் அதக்கியிருந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, “பெத்தது போதும். வளக்குதேன்னு அதையும் கெடுக்க வேண்டாம்” என்றாள். மருமகன் காரைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இடிகல்லைக் கழுவினேன். அதுதான் ஆரம்பம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

துவைத்தேன். செண்பகத்தின் ரவிக்கை இரண்டிலும் முன்பக்கம் கறை. காய்ந்து விறைத்திருக்கிறது. போன வாரமும் இருந்தது, கஞ்சி சிந்தியிருப்பாள் என்று விட்டேன். நான் பிள்ளை பெற்றவள். அது என்ன கறை என்று எனக்குத் தெரியும்.

அலமாரியில் பார்த்தேன். பொங்கலுக்கு வாங்கிவைத்த நாப்கின் பாக்கெட் பிரிக்காமலே கிடக்கிறது. அதற்கு முந்தியதும் அப்படியே.

மாடியில் குடியிருக்கிறான் ஐயாத்துரை. ரயில்வேயில் தண்டவாள வேலை. பெண்டாட்டி செத்து மூன்று வருஷம். படித்து முடித்த பேப்பரை தினமும் கீழே கொண்டுவந்து செண்பகத்திடம் கொடுப்பான். அவளும் வாங்கும்போது சிரிப்பாள். இத்தனை நாளும் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

ஐயாத்துரையிடம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னேன். ஏன் என்று ஒருதரம் கேட்டான். இரண்டாம்தரம் கேட்கவில்லை. குற்றமில்லாதவன் கேட்பான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வழக்கம்போல நான் மட்டும். மகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். வேலைக்குப் போகிறாள், லீவு கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, எடை ஏறியிருக்கிறதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வேறு தொந்தரவு உண்டா. எல்லாவற்றுக்கும் நல்லாருக்கா சார் என்றேன்.

வேறென்ன சொல்ல? அந்த அறையில் ஊசி போடுகிற பெண் நின்றாள், கதவுக்கு வெளியே இருபது பேர். புருஷனைவிட்டு வந்த மகளுக்கு நாலு மாதமாகக் குளியில்லை என்று அங்கே நின்று சொல்லவா? மேலும் அவர் முகத்தைப் பார்த்தா கேட்டார்? கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

ஐயாத்துரை சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது பேப்பர் கட்டை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். செண்பகம் அதை எடுத்து உள்ளே வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

குரூப்பில் பேரைக் காட்டாமலும் எழுதலாம். இன்று அப்படி ஒருத்தி எழுதியிருக்கிறாள். முழுசாகப் பார்த்து எழுதிவைக்கிறேன்.

‘எனக்கு முப்பத்திநாலு வயது. ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை. மார்பில் பால் வருகிறது. நான் கர்ப்பமில்லை, அதற்கு வழியே இல்லை. என் பிள்ளை என்னிடம் இல்லை. இந்தப் பாலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இது மாத்திரையாலா? வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? டாக்டரிடம் கேட்க முடியாது. நான் மாத்திரை சாப்பிடுவது எனக்கே தெரியாது என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.’

படித்ததும் எனக்கு அந்தப் பெண்ணின் வீட்டார்மேல்தான் கோபம் வந்தது. பெற்ற பெண்ணுக்குப் பால் கட்டி நிற்பதுகூடத் தெரியாமல் ஒரு தாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தேன்.

அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. ‘மேலும் வாசிக்க’ என்பதை அமுக்கினால்தான் வரும்.

‘அம்மா காப்பியில் கலந்து தருகிறாள். நான் குடித்து முடித்ததும் டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பாள். பாவம்.’

கருப்பட்டிக் காப்பி குடிக்கிற வீடு நாட்டில் ஒன்றுதானா? ஆயிரம் இருக்கும்.

கருப்பட்டி என்று அவள் எழுதவில்லை. இப்போதுதான் கவனித்தேன்.

மார்ச் 2, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று சொன்னேன்.

அந்த எழுத்துக்குக் கீழே நாற்பது ஐம்பது பேர் பதில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் பெண்கள். எனக்கும் வந்தது, எனக்கும் வந்தது என்கிறார்கள். ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை, பால் வந்ததும் அவள் அண்ணன் அடித்திருக்கிறான். ஒருத்தி இரண்டு மாதம் ரவிக்கைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு ஆபீஸ் போயிருக்கிறாள். சில மாத்திரைக்கு அப்படி வருமாம். டாக்டரிடம் சொன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவைக் குறைப்பார்கள் அல்லது வேறு மாத்திரை மாற்றுவார்களாம். திருச்சிக்காரியும் எழுதியிருக்கிறாள்: ‘நீங்களாக நிறுத்திவிட வேண்டாம் தோழி. உங்கள் மேல் தப்பில்லை. அம்மாவோடு ஒருமுறை பேச முடியுமா பாருங்கள்.’

அதற்குப் பதில்: ‘பேசினால் அம்மா உடைந்துபோவாள். அவளுக்கு என்னைவிட அந்தக் காப்பிதான் தைரியம்.’

ஊர் பேர் தெரியாதவர்களிடம் எவ்வளவு பேசுகிறாள். ஒரே சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று காப்பி போடவில்லை. சுக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

மார்ச் 4, புதன்

காப்பி போடவில்லை. எனக்குப் பால் கறை ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது. விஷத்தைக் கொடுத்திருக்கிறேனோ என்னவோ. டாக்டர் சொல்லியிருக்க வேண்டாமா? ரெஜினா சொல்லியிருக்க வேண்டாமா? அந்த மாத்திரையை எடுத்து நீட்டுகிற மருந்துக்கடைக்காரனாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

கோமதி போன் பண்ணினாள். பங்குனித் தேருக்குத் தாரிணியைக் கொண்டுவந்து காட்டலாம் என்று மகன் சொல்கிறானாம். “ஆனா ஒம் மக ஒழுங்கா இருக்கணும். அங்க வந்து எதும் ஆச்சுன்னா அப்புறம் கோர்ட்டுலதான் பேச்சு” என்றாள். சரி என்று வைத்தேன். வெற்றிலைச் சத்தம் போனிலேயே கேட்டது.

செண்பகம் சரியாகத் தூங்கவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 7, சனி

மத்தியானம் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தாள், சாப்பிடவில்லை. ஏதோ சொன்னாள், என்னிடம் இல்லை. எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து குரூப்பைத் திறந்தேன். பேர் காட்டாதவளின் எழுத்துக்குக் கீழே மைக்கை அமுக்கி, மெதுவாகத்தான் பேசினேன்: உன் அம்மா இப்போதும் காப்பி தருகிறாளா?

அனுப்பினேன். அந்த அறைக்குள் போன் ஒரு தடவை சத்தம் போட்டது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘நாலு நாளாக இல்லை கழுகுமலையம்மா. சுக்கு தீர்ந்துவிட்டது என்கிறாள். பாட்டிலில் சுக்கு இருக்கிறது. விசிறி மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. பங்குனிக்கு என் பிள்ளை வருகிறாள்.’

பாட்டிலைப் பார்த்தேன். மேல்தட்டில், கண்ணாடி பாட்டில், முக்கால்வாசிக்குச் சுக்கு. வந்து போகிற யாருக்கும் தெரியும்.

அடுப்பைப் பற்றவைத்தேன். இடிகல்லை எடுத்தேன். மாத்திரையைப் போட்டேன். பிறகு இடிக்கவில்லை. இடித்தால் அந்த அறைக்குக் கேட்கும் என்று இரண்டு வருஷத்தில் முதல்தடவையாகத் தோன்றியது. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு தட்டில் மாத்திரையை வைத்து, டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

திறந்தாள். தட்டைப் பார்த்தாள்.

“இது என்னன்னு தெரியுமா?” என்றேன்.

“மொத மாசமே தெரியும். எவ்வளவு கருப்பட்டி போட்டாலும் கடைசி வாயில நாக்கு மரத்துப்போகும்.”

“தெரிஞ்சுமா குடிச்ச?”

“குடிச்சா சத்தம் கேக்கல. நீயும் அழல.”

குரூப் எப்படித் தெரியும் என்று கேட்டேன். எழுத்தைப் பெரிதாக்கக் கொடுத்த அன்றைக்குப் பார்த்திருக்கிறாள். நான் மூடினேன் என்று நினைத்தது மூடவில்லை, பின்னால் திறந்தே கிடந்திருக்கிறது. திருச்சிக்காரி என்னைக் கண்டித்ததையும் படித்திருக்கிறாள்.

“அப்ப எனக்குத்தான் எழுதுனியா?”

“வேற எங்க யம்மா எழுத? இங்க நான் மாத்திரையே திங்கலைல்லா” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு கேட்டாள், “மாடி அண்ணன எதுக்குக் காலி பண்ணச் சொன்ன?”

வாடகை கூட வரும் என்றேன்.

என்னையே பார்த்தாள். என் கண் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள்.

“அதுக்கா” என்றாள்.

அவ்வளவுதான். கோமதி சொன்னது எல்லாம் எனக்கு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது, என்ன சேலை கட்டிக்கொண்டு சொன்னாள் என்பதுகூட. அதெல்லாம் கோமதி கணக்கு. இந்த ஒரு சொல்லை யார் கணக்கில் எழுத?

நான் மாத்திரையை எடுத்து நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கவில்லை. “தட்டுல வையி” என்றாள். வைத்தேன். அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெஜினா பார்த்துவிட்டு, எப்படிக்கா கூட்டிட்டு வந்தீங்க என்று கேட்டாள். செண்பகம்தான் என்னைக் கூட்டிவந்தாள் என்று சொல்லவில்லை.

டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். இரண்டு வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலியில் செண்பகம் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். வெகுநேரம் பேசினாள். என்னிடம் அவ்வளவு நேரம் அவர் பேசினதில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, இது மாத்திரையால் வருவதுதான், ரத்தம் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றுக்கு மாற்றலாம் என்றார். “நான் மாசாமாசம் கேட்டேனேம்மா. அப்பவே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருக்கலாம்” என்றார். இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பார்க்காமலே சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸில் செண்பகம் ஜன்னலோரம். சீட்டும் மாத்திரையும் அவள் பைக்குள் இருந்தன. நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

மார்ச் 14, சனி

குரூப்பில் இன்று தன் சொந்தப் பேரிலேயே எழுதிவிட்டாள். செண்பகவல்லி, கோவில்பட்டி. மாத்திரை மாற்றுகிறார்கள், எடை ஏறும் என்று இதற்கும் சொல்கிறார்கள், பார்ப்போம், எல்லோருக்கும் நன்றி என்று. நாகர்கோவில்காரி, ரவிக்கையை இப்போதே பிரித்துத் தைக்கக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாள். நடுக்கக்காரன் சிரிக்கிறான். யாரோ ஒருத்தி, அம்மாவிடம் பேசினீர்களா என்று கேட்டாள்.

‘அம்மாவும் இந்த குரூப்பில்தான் இருக்கிறார்கள்’ என்று போட்டிருக்கிறாள்.

திருச்சிக்காரி அதற்கு இதயப் படம் போட்டாள். கழுகுமலையம்மா குரூப்பைவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

ஐயாத்துரை வேலாயுதபுரத்தில் குடியிருக்கிறானாம். மேஸ்திரி சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். மாடி பூட்டியே கிடக்கிறது.

மார்ச் 19, வியாழன்

விசிறி ஓடுகிறது. செண்பகம் அதன் கீழே தூங்குகிறாள். பங்குனித் தேருக்குப் பிள்ளைக்குக் கட்டிவிட என்று பாவாடை தைக்கிறாள். அளவு தெரியாது. அக்கம்பக்கத்து ஏழு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறாள். கோமதியிடம் அளவு கேட்கட்டுமா என்றேன். “நீ ஒண்ணும் கேக்க வேண்டாம்” என்றாள்.

சாயங்காலம் சுக்குமல்லிக் காப்பி போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து வெறும் காப்பிதான். சுக்கு, மல்லி, கருப்பட்டி, வேறொன்றுமில்லை. மாத்திரை அவள் அறையில், அவள் பெட்டியில், சாவி அவள் இடுப்பில்.

டம்ளரைக் கொண்டுபோய் வைத்தேன். தையலை நிறுத்தினாள். தினமும் செய்கிற மாதிரி இன்னொரு டம்ளர் எடுத்து, அதில் பாதியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள்.

“எனக்குச் சர்க்கரை” என்றேன்.

“தெரியும். நீ மொதல்ல குடி” என்றாள்.

குடித்தேன். காத்திருந்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்ததும் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைசி வாய் வரைக்கும் குடித்திருந்தேன். அதற்குப் பிறகுதான் தன்னுடையதை எடுத்தாள்.